மூன்று லென்ஸ்கள் போதும்!

பள்ளிக்கூட விடுமுறையில் குடும்பத்தோடு வேன் பிடித்து ஹப்புத்தளைக்குப் போகிறீர்கள். தம்பதென்னைத் தேயிலைத் தோட்டத்தைக் கடந்து லிப்டன் சீட் உச்சியில் ஏறி நிற்கிறீர்கள். கீழே பச்சைக் கம்பளம் விரித்தாற்போல் தோட்டங்கள். அதற்கப்பால் ஒன்றின் பின் ஒன்றாக நீல மலைத்தொடர்கள். "சுப்ஹானல்லாஹ்" என்று வாய் தானாகவே சொல்கிறது. மகன் கமெராவைத் தூக்கிப் பத்துப் படங்கள் எடுத்து விடுகிறான்.

வீட்டுக்கு வந்து பார்த்தால் அந்த மலைகளைக் காணவில்லை! மேற்பாதி முழுவதும் வெறும் வானம். கீழ்ப்பாதி முழுவதும் வெறும் புல். நடுவே நூல் இழுத்தாற்போல் ஒரு நீலக் கோடு. அதுதான் நீங்கள் கண்டு மலைத்துப் போன மலைத்தொடர்.

"இந்த லென்ஸ் சரியில்லை உம்மா, நல்லதொன்று வாங்க வேண்டும்" என்கிறான் மகன். இயற்கைக் காட்சிக்கு அகன்ற லென்ஸ்தான் வேண்டும் என்று யாரோ அவனுக்குச் சொல்லியிருக்கிறார்கள். சீட்டுக் காசு கைக்கு வந்ததும் அதை வாங்கிக் கொடுக்கிறீர்கள். அடுத்த பயணத்தில் மலை முன்னையதைவிடச் சிறுத்துப் போகிறது. பிறகு இன்னொரு லென்ஸ். அதன் பிறகு மற்றொன்று. அலுமாரியில் லென்ஸ்கள் கூடுகின்றன. நல்ல படங்கள் கூடவில்லை.

அன்புச் சகோதரிகளே! வீட்டுச் செலவைக் கணக்குப் பார்ப்பவர்கள் நீங்கள். கமெரா மகனுடையதாகவோ மகளுடையதாகவோ இருக்கலாம், உங்களுடையதாகவும் இருக்கலாம். எவ்வாறாயினும் இந்த விடயத்தைச் சற்று விளங்கிக் கொண்டால் வீண் செலவைத் தவிர்க்கலாம்.

உருவப் படங்களைச் சுவரில் மாட்ட விரும்பாத வீடுகள் நம்மிடையே அநேகம். அவ்வீடுகளிலும் ஒரு மலையின் படத்தையோ கடற்கரையின் படத்தையோ மனம் கோணாமல் மாட்டி வைக்கிறார்கள். ஒட்டகத்தையும் வானத்தையும் மலைகளையும் பூமியையும் நோக்கிச் சிந்திக்குமாறு அல்குர்ஆனின் 88ஆம் அத்தியாயம் நம்மை அழைப்பதை நீங்கள் அறிவீர்கள். நன்றாக எடுத்த ஓர் இயற்கைக் காட்சிப் படமும் அந்தச் சிந்தனைக்கு ஒரு சிறு வாசல்தான்.

குவியத் தூரம்

விஞ்ஞானப் பாடத்தில் வில்லைகளைப் பற்றியும் குவியத் தூரம் பற்றியும் படித்தது நினைவிருக்கிறதா? லென்ஸின் மேல் 24, 50, 100 என்று மில்லிமீற்றரில் எழுதியிருப்பது அந்தக் குவியத் தூரமே. எண் சிறிதாக இருந்தால் லென்ஸ் அகலமாகப் பார்க்கும். அதில் பொருள்கள் சிறிதாகத் தெரியும். எண் பெரிதாக இருந்தால் குறுகலாகப் பார்க்கும். தொலைவிலுள்ளது பெரிதாகத் தெரியும்.

எவ்வளவு அகலம் என்பதை அறிய ஓர் எளிய கணக்கு உண்டு. பழைய பிலிம் சுருளில் ஒரு படத்தின் அகலம் 36 மி.மீ. இன்றைய பெரிய டிஜிட்டல் கமெராக்களின் உணரியும் ஏறத்தாழ அதே அகலம்தான். ஆகவே நீங்கள் நிற்கும் தூரத்தை 36ஆல் பெருக்கி, லென்ஸின் எண்ணால் வகுங்கள். படத்துக்குள் அடங்கும் அகலம் கிடைத்து விடும்.

100 மீற்றர் தூரத்தை எடுத்துக் கொள்வோம். 24 மி.மீ. லென்ஸில் 150 மீற்றர் அகலம் அடங்கும். 50 மி.மீ. லென்ஸில் 72 மீற்றர். 100 மி.மீ. லென்ஸில் 36 மீற்றர். 200 மி.மீ. லென்ஸில் 18 மீற்றர்.

லிப்டன் சீட்டில் மலைகள் காணாமற் போனதற்குக் காரணம் இப்போது புரிகிறதல்லவா? ஒரு மலை 10 கிலோமீற்றர் தொலைவில் இருக்கிறது என்று வைத்துக் கொள்ளுங்கள். 24 மி.மீ. லென்ஸ் அங்கே 15 கிலோமீற்றர் அகலத்தை ஒரே படத்துக்குள் அடக்கிவிடும். அத்தனை அகலத்துக்குள் ஒரு மலை எம்மாத்திரம்? 100 மி.மீ. லென்ஸாயின் 3.6 கிலோமீற்றரை மட்டுமே எடுக்கும். மலை படத்தை நிறைத்து நிற்கும். குறை லென்ஸின் தரத்தில் இருக்கவில்லை, எண்ணில்தான் இருந்தது. அதற்கு மருந்தாக இன்னும் அகன்ற லென்ஸை வாங்கியது நோயைக் கூட்டிவிட்டது.

கழிக்காதீர்கள், வகுத்துப் பாருங்கள்

ஒன்றுக்கு மேற்பட்ட லென்ஸ் வாங்கும்போது அவற்றுக்கிடையே எவ்வளவு இடைவெளி இருக்க வேண்டும்? பலர் தவறுவது இங்கேதான். எண்களைக் கழித்துப் பார்த்து, "24க்கும் 28க்கும் நான்குதான் வித்தியாசம், 100க்கும் 135க்கும் முப்பத்தைந்து வித்தியாசமாயிற்றே" என்று கணக்குப் போடுகிறார்கள்.

அதே 100 மீற்றர் தூரத்தில் 20 மி.மீ. லென்ஸ் 180 மீற்றர் அகலத்தை எடுக்கும். 24 மி.மீ. லென்ஸ் 150 மீற்றரை எடுக்கும். நான்கு மி.மீ. வித்தியாசத்தில் 30 மீற்றர் போய்விட்டது. 200 மி.மீ. லென்ஸிலிருந்து 204க்குப் போனாலும் வித்தியாசம் அதே நான்குதான். ஆனால் அங்கே குறைவது 35 சென்றிமீற்றர் மட்டுமே. யார் கண்ணுக்கும் தெரியாது. ஆகவே கழித்தல் கணக்கு இங்கு உதவாது. பெரிய எண்ணைச் சிறிய எண்ணால் வகுத்து, எத்தனை மடங்கு என்று பார்க்க வேண்டும்.

நம் குசினியை நினைத்துக் கொள்ளுங்கள். தேநீருக்கு ஒரு கேத்தல், வீட்டுச் சோற்றுக்கு ஒரு பானை, விருந்துச் சோற்றுக்கு ஒரு கிடாரம். ஒவ்வொன்றும் முன்னையதைவிடப் பல மடங்கு பெரிது. அதனால் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வேலை இருக்கிறது. அளவில் கொஞ்சமே மாறுபட்ட நான்கு பானைகளை ஒருவர் வாங்கி அடுக்கினால் அவரை என்ன சொல்வோம்? 24, 28, 35 என்று மூன்று லென்ஸ்கள் வைத்திருப்பதும் அதைப் போன்றதே. 24இலிருந்து 28 ஏறத்தாழ 1.2 மடங்கு. 28இலிருந்து 35, 1.25 மடங்கு. மூன்றும் ஏறத்தாழ ஒரே வேலையைத்தான் செய்யும்.

24, 50, 100 என்று வைத்தால் ஒவ்வொன்றும் முன்னையதன் இரு மடங்கு. பாரம் குறைவாக வேண்டுமானால் 28, 50, 85 என்று வைக்கலாம். ஒவ்வொரு படியும் ஏறத்தாழ 1.7 மடங்கு. இயற்கைக் காட்சிக்கு இந்த இரண்டு தொகுதிகளில் ஒன்று தாராளமாகப் போதும்.

ஏன் இரண்டு மடங்கு வரை?

"இடையிலுள்ள அளவுகளுக்கு என்ன செய்வது?" என்று கேட்பீர்கள். படத்தின் ஓரங்களை வெட்டிவிடலாம். 24 மெகாபிக்சல் கமெராவில் 50 மி.மீ. லென்ஸால் எடுத்த படத்தை, 70 மி.மீ. லென்ஸால் எடுத்தாற்போல் வெட்டினால் ஏறத்தாழ 12 மெகாபிக்சல் மிஞ்சும். ஏ4 தாள் அளவில் அழகாக அச்சிட இது போதும். முழுமையாக இரண்டு மடங்குக்கு வெட்டினாலும் 6 மெகாபிக்சல் மிஞ்சும். ஆல்பத்தில் வைக்கும் சிறிய படத்துக்கு அதுவே போதும்.

இரண்டு மடங்குக்கு மேல் இடைவெளி வைத்தால் மிஞ்சுவது குறைந்துகொண்டே போகும். ஆகவேதான் இரண்டு மடங்கை எல்லையாக வைத்துக் கொள்கிறோம். இன்னொன்றையும் மறவாதீர்கள். அகன்ற படத்தை வெட்டிக் குறுக்கலாம். குறுகிய படத்தை எவராலும் அகலமாக்க முடியாது. இரண்டுக்கும் நடுவே தடுமாறும்போது அகன்ற லென்ஸையே மாட்டுங்கள்.

"நாலடி முன்னுக்குப் போனால் சரிதானே?" என்றும் சிலர் கேட்பார்கள். வீட்டுக்குள் அது சரி. ஹோர்ட்டன் சமவெளியில் உலக முடிவின் விளிம்பில் நின்றுகொண்டு முன்னுக்கு அடி வைக்க முடியுமா? அங்கே பள்ளம் 800 மீற்றருக்கும் கூடுதல்! களப்பின் கரையிலும் அப்படித்தான். இயற்கைக் காட்சியில் கால் போகாத இடத்துக்கு லென்ஸ்தான் போக வேண்டும்.

மன்னார் மரத்தடியில்

மூன்று லென்ஸும் மூன்று விதமாக உதவுவதை ஓர் இடத்தை வைத்துப் பார்ப்போம். மன்னார் தீவில் பள்ளிமுனைக்கு அருகே ஒரு மிகப் பழைய பெருக்க மரம் இருக்கிறது. அரபு வணிகர்கள் ஆபிரிக்காவிலிருந்து கொண்டுவந்து நட்டதாகப் பரம்பரையாகச் சொல்லப்படும் மரம் அது. அடிமரத்தின் சுற்றளவு ஏறத்தாழ 19.5 மீற்றர். அதாவது குறுக்களவு 6 மீற்றருக்கும் சற்றுக் கூடுதல். உயரமோ 8 மீற்றரைத் தொடாது. உயரத்தைவிடப் பருமனே கண்ணைப் பறிக்கும்.

மரத்திலிருந்து 10 மீற்றரில் நின்று 24 மி.மீ. லென்ஸை மாட்டினால் 15 மீற்றர் அகலம் கிடைக்கும். அடிமரமும் கிளைகளின் விரிவும் ஓரளவு அடங்கும். அண்மையில் நின்று எடுப்பதால் மரத்தின் பருமன் முகத்துக்கு எதிரே வந்து நிற்கும்.

பின்னால் நடந்து 40 மீற்றரில் நின்று 50 மி.மீ. லென்ஸை மாட்டுங்கள். ஏறத்தாழ 29 மீற்றர் அகலம் கிடைக்கும். மரமும் அதைச் சூழ்ந்த நிலமும் வானமும் அமைதியாக, கண் பார்த்தபடியே அமையும். 1925இல் விற்பனைக்கு வந்த முதல் லைக்கா கமெராவில் பொருத்தியிருந்ததும் 50 மி.மீ. லென்ஸே.

பிறகு 10 மீற்றருக்கே திரும்பி வந்து 100 மி.மீ. லென்ஸை மாட்டுங்கள். 3.6 மீற்றர் அகலம் மட்டுமே கிடைக்கும். முழு மரமும் தெரியாது. ஆனால் அதன் பட்டையின் சுருக்கங்கள், மூத்தம்மாவின் கையைப் பார்ப்பது போல் தெளிவாகத் தெரியும்.

ஒரே மரம், மூன்று படங்கள். இடையில் 28ஓ 35ஓ 85ஓ இல்லையே என்று நீங்கள் ஏங்கப் போவதில்லை.

வாங்குவதற்கு முன் எண்ணுங்கள்

கடைக்குப் போகும் முன் ஒரு வேலை செய்யுங்கள். டிஜிட்டல் கமெரா ஒவ்வொரு படத்தோடும் அது எந்தக் குவியத் தூரத்தில் எடுக்கப்பட்டது என்பதையும் பதிந்து வைக்கிறது. கணினியில் படத்தின் விபரங்களைத் திறந்தால் தெரியும். உங்களுக்குப் பிடித்த நூறு இயற்கைக் காட்சிப் படங்களைத் தெரிந்தெடுத்து, எத்தனை படங்கள் எந்த எண்ணில் என்று ஒரு கொப்பியில் கோடு போட்டு எண்ணுங்கள். அநேகமானவை சூம் லென்ஸின் நீண்ட முனையில் குவிந்திருந்தால் உங்களுக்குத் தேவை இன்னும் நீண்ட லென்ஸ். அகன்ற முனையில் குவிந்திருந்தால் அகன்றது தேவை. நடுவிலே பரவியிருந்தால் ஒன்றுமே தேவையில்லை!

சிறிய உணரியுள்ள கமெராக்களில் லென்ஸின் எண்ணை 1.5ஆல் பெருக்கிப் பார்க்க வேண்டும். சில கமெராக்களில் 1.6ஆல். நம் பிள்ளைகளின் கைகளில் அநேகமாக இருப்பவை இவ்வகைதான். இவற்றோடு பெரும்பாலும் 18இலிருந்து 55 வரையான ஒரு சிறு சூம் லென்ஸ் கிடைக்கும். பெருக்கிப் பாருங்கள்: 27இலிருந்து 82 வரை. மேலே சொன்ன 28, 50, 85 என்ற மூன்றும் ஏறத்தாழ அதற்குள்ளேயே அடங்கிவிட்டன! பலர் இதை அறியாமல் அந்த லென்ஸை மட்டமென்று ஒதுக்கிவிட்டு, அது செய்த வேலையையே செய்யும் இன்னொன்றுக்குக் காசைக் கொட்டுகிறார்கள்.

ஒரு பயிற்சி சொல்கிறேன். ஒரு நாள் முழுவதும் அந்த லென்ஸை 18இல் மட்டும் வைத்து எடுங்கள். மறுநாள் 35இல் மட்டும். மூன்றாம் நாள் 55இல் மட்டும். எந்தக் காட்சிக்கு எந்த எண் என்பது கைக்குப் பழகிவிடும்.

விலை விடயத்திலும் ஒரு கருத்து. மங்கலான வெளிச்சத்திலும் எடுக்கக்கூடிய, பெரிய துவாரமுள்ள லென்ஸ்கள் விலையும் கூட, பாரமும் கூட. அவ்வகையான 70-200 சூம் லென்ஸ் ஒன்று ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ நிறை. சாதாரண 50 மி.மீ. லென்ஸ் ஒன்று 200 கிராமைத் தாண்டாது. இயற்கைக் காட்சிக்குத் துவாரத்தை 8 அல்லது 11 என்ற அளவுக்குச் சுருக்கி, கமெராவை முக்காலியில் வைத்துத்தான் எடுக்கப் போகிறோம். பெரிய துவாரத்துக்கு இங்கே வேலை மிகக் குறைவு. கைக்குழந்தையையும் சாப்பாட்டுக் கூடையையும் தூக்கிக்கொண்டு மலை ஏறுகிறவர்களுக்கு அந்த ஒன்றரைக் கிலோவின் அருமை தெரியும்!

தவணை முறையில் தருகிறோம் என்று சொன்னால் அதில் வட்டி கலந்திருக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள். ஒரு பொழுதுபோக்குக்காக அந்தப் பாவத்தைத் தலையில் ஏற்றிக்கொள்ள வேண்டாம். இந்த வருடம் ஒன்று, இன்ஷா அல்லாஹ் அடுத்த வருடம் இன்னொன்று என்று பொறுமையாகச் சேர்க்கலாம். முதலில் 50; பிறகு உங்கள் எண்ணிக்கை எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம்.

பாவித்த லென்ஸ் வாங்கினால் நிறையக் காசு மிச்சமாகும். ஆனால் நமது நாட்டின் ஈரக்காற்றில் லென்ஸுக்குள் பூஞ்சணம் பிடிக்கும். வாங்குமுன் பின்பக்கமாக டோர்ச் வெளிச்சம் பாய்ச்சி, முன்பக்கமாகப் பாருங்கள். சிலந்தி வலை போல் ஏதும் தெரிந்தால் விட்டுவிடுங்கள். வாங்கியதை அலுமாரியில் துணிகளுக்கிடையே வைக்காமல், காற்றுப் புகாத பிளாஸ்டிக் பெட்டியில் சிலிக்கா ஜெல் பைகளோடு வையுங்கள்.

கைத்தொலைபேசி மட்டும் இருந்தால்?

மனம் தளர வேண்டாம். புதிய கைத்தொலைபேசிகள் பலவற்றின் முதுகில் மூன்று சிறு லென்ஸ்கள் இருக்கின்றன. 0.5, 1, 3 என்று திரையில் தெரிபவை அவைதான். 1 என்பது ஏறத்தாழ 24 முதல் 26 மி.மீ. வரையான லென்ஸுக்குச் சமம். 0.5 அதன் பாதி. 3 அதன் மும்மடங்கு. மடங்குக் கணக்கில் இடைவெளி விடுவதையே அவற்றைச் செய்தவர்களும் பின்பற்றியிருக்கிறார்கள். விரல்களால் விரித்து இடையில் நிறுத்தினால் பெரும்பாலும் படத்தை வெட்டிப் பெருப்பிக்கிறதே தவிர வேறில்லை. ஆகவே அந்த மூன்று எண்களில் ஒன்றைத் தொட்டு எடுங்கள். லிப்டன் சீட்டில் 0.5ஐத் தொடாதீர்கள், 3ஐத் தொடுங்கள்.

ஸுபஹுக்குப் பின்

இயற்கைக் காட்சிக்கு மிக நல்ல வெளிச்சம் சூரியன் உதிக்கும் வேளையிலும் மறையும் வேளையிலும் கிடைப்பது. உலகத்துக் கமெராக்காரர்கள் அதற்காக அலாரம் வைத்து எழும்புகிறார்கள். ஸுபஹுத் தொழுகைக்கு எழும்பும் நமக்கு அந்த நேரம் வீட்டு வாசலிலேயே காத்திருக்கிறது. மலைநாட்டில் மூடுபனி ஏறுமுன் காட்சி தெளிவாக இருப்பதும் காலையில்தான். மாலையிலோ கவனம் தேவை. படம் நாளையும் எடுக்கலாம். மஃரிபைத் தவற விடாதீர்கள்.

கொழுந்து பறிக்கும் பெண்களை நீண்ட லென்ஸால் அவர்கள் அறியாமல் எடுப்பதையும் தவிர்த்துக் கொள்ளுங்கள். நம்மை ஒருவர் அப்படி எடுத்தால் சம்மதிப்போமா?

இருட்டறையின் சிறு துவாரத்தால் வெளிச்சம் புகுந்து வெளிக்காட்சியைக் காட்டுவதை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் சோதனை செய்து ஆராய்ந்தவர், பஸராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த அறிஞர் இப்னுல் ஹைதம். அவருடைய 'கிதாபுல் மனாழிர்' ஒளியியலின் அடிப்படை நூல்களுள் ஒன்று. நம் பிள்ளையின் கையிலுள்ள கமெராவும் ஓர் இருட்டறையே. அவர் செய்தது போல் அளந்து, எண்ணி, பிறகு முடிவெடுக்க அவர்களையும் பழக்குவோம்.

இறுதியாக ஒன்று. மன்னார் மரத்தை உதாரணமாக எடுத்ததற்குக் காரணம் இருக்கிறது. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வட மாகாண முஸ்லிம்களை வெளியேற்றியபோது, யாழ்ப்பாணத்தில் கொடுக்கப்பட்ட அவகாசம் இரண்டு மணித்தியாலங்கள். ஆல்பங்களை யார் தேடி எடுத்திருப்பார்கள்? 2004 டிசெம்பர் 26இல் கிழக்குக் கரையில் கடல் எடுத்துப்போன வீடுகளோடு படங்களும் போயின. மகனுக்கும் மகளுக்கும் வாய்ச்சொல்லால் மட்டுமே ஊரைக் காட்ட முடிந்த தாய்மார்கள் நம்மிடையே இருக்கிறார்கள். வாசல், கிணற்றடி, பள்ளிவாசலுக்குப் போகும் ஒழுங்கை, தோணிகள் நிற்கும் துறை எல்லாம் அவர்களுடைய நினைவில் மட்டுமே.

ஆகவே சகோதரிகளே, தூரத்து மலைக்குப் போகுமுன் உங்கள் ஊரை எடுங்கள். அகன்ற லென்ஸால் ஊரின் முழு அமைப்பையும் எடுங்கள். நடு லென்ஸால் தெருவையும் வீட்டையும் எடுங்கள். நீண்ட லென்ஸால் உங்கள் வாப்பா நட்ட மாமரத்தின் ஒரு கிளையை எடுங்கள். மூன்றையும் ஆல்பத்தில் ஒட்டி, இடமும் திகதியும் எழுதி, ஒரு பிரதியை வேறு ஊரிலுள்ள உறவினர் வீட்டிலும் வைத்து விடுங்கள். மூன்று லென்ஸ்களும் வாங்கிய காசுக்கு அன்றே வேலை செய்துவிட்டன.